வேலைக்குப் போன டப்பாக்கள்

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவள் 'பசை'தான். எந்நேரமும் விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பிட உட்காரும்போதுதான் அதை மெதுவாக உரிப்பாள்.

"ஒரு நாள் கதவுல சாய்ஞ்சு நிக்கப்போற, அங்கேயே ஒட்டிக்கப்போற. அப்புறம் கதவோட சேர்த்துத்தான் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பணும்" என்பார் அப்பா.

அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். அங்கே காலியாகும் தகர டப்பாக்களில் சிலவற்றைக் கழுவிக் கொண்டுவருவார். கையைக் கிழிக்காமல் இருக்க, விளிம்பைக் குறடால் உள்பக்கம் மடித்து அழுத்திக் கொடுப்பார். அம்மாவுக்கு அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை. கோணலாக அச்சான தாள்கள், வண்ணம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப்போன படங்கள் எல்லாம் அம்மாவின் பையில் வீட்டுக்கு வரும். வீட்டின் முன்னறையில் அத்தையின் தையல் கடை இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வெட்டிப்போட்ட துணித் துண்டுகளும், மிஞ்சிய நாடாக்களும் அங்கிருந்து கிடைக்கும்.

அம்மாவிடமிருந்து காகிதம், அப்பாவிடமிருந்து தகரம், அத்தையிடமிருந்து துணி. மூன்றையும் சேர்த்து ஒட்டினால் பசையின் டப்பா தயார். ஒரு டப்பாவைச் சுற்றிக் கடல் ஓடும். அந்தக் கடலில் மீனுக்குப் பதிலாகக் கத்தரிக்காய் நீந்தும். இன்னொன்றில் யானை ஒன்று குடை பிடித்தபடி பேருந்துக்குக் காத்திருக்கும். படத்தைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் விறைப்பாகத் தெரியும், கையால் கிழித்தால்தான் மற்றப் படத்தோடு கலக்கும் என்பதெல்லாம் அவளாகவே கண்டுபிடித்தது.

அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே குரல் பெரிதாகிவிட்டது என்று அவளே சொல்வாள். தைத்து முடித்த துணியை உதறிப் பிடித்து, "இதைப் போட்டுக்கிட்டு அழுதாக்கூட அழகாத்தான் இருக்கும்" என்று கொடுப்பாள்.

அந்த அத்தையின் கண்ணில்தான் ஏதோ கோளாறு வந்தது.

எதையாவது நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. சுற்றிலும் இருப்பவை மங்கலாகத் தெரிந்தன. நடுவில் இருப்பது தெரியவில்லை. கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தை பசையைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினாள்.

"நேரா பார்த்தா நீ இல்ல. கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா உன் காது மட்டும் தெரியுது. பரவால்ல, காது நல்லாத்தான் இருக்கு. குளிக்கும்போது பின்பக்கம் தேய்."

பசை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அத்தை தையலை விடவில்லை. துணியை மெஷினுக்கடியில் நகர்த்த அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. இத்தனை வருடம் தைத்த விரல்கள் அதைப் பார்த்துக்கொண்டன. ஊசியில் நூல் கோர்ப்பது மட்டும் முடியவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் முன் பசை கோர்த்து வைப்பாள். 'ஒரு வாய் சாப்பிட்டுப் போ' என்று அம்மா ஒரு பக்கம் கத்த, 'ஒரு நூல் கோர்த்துட்டுப் போ' என்று அத்தை மறுபக்கம் கத்துவாள்.

பெரிய தொல்லை, அலமாரியில் இருந்த டப்பாக்கள். எல்லாம் ஒரே அளவு, மூடி போட்ட பால்பவுடர் டப்பாக்கள். கோட்டுப் பொத்தான், குழந்தைகள் சட்டைப் பொத்தான், கொக்கி, ஜிப், ஊசி, எலாஸ்டிக் என்று தனித்தனியாகப் போட்டு, மேலே சின்னச் சீட்டு ஒட்டியிருந்தாள். இப்போது அந்தச் சீட்டைப் படிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டிப் பார்த்து, திறந்து, மேஜையில் கொட்டித் தடவ வேண்டியிருந்தது. கொட்டியதை மறுபடி அள்ளும்போது ஒன்றோடு ஒன்று கலந்தது.

அப்படித்தான் அந்தக் கோட்டில் வாத்து வந்தது.

தெருமுனை வீட்டில் ஒரு ட்ரம்பெட் வாசிப்பவர் இருந்தார். மேடைக்குப் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கோட்டைக் கொடுத்து, விழுந்துபோன தங்க நிறப் பொத்தான் ஒன்றைத் தைத்துத் தரச் சொன்னார். அத்தை தைத்துக் கொடுத்தாள். அவரும் அவசரத்தில் பார்க்காமல் போட்டுக்கொண்டு மேடை ஏறிவிட்டார். தங்கப் பொத்தான்களின் வரிசையில் நட்டநடுவே இளஞ்சிவப்பில் ஒரு குழந்தைப் பொத்தான். அதில் மஞ்சள் வாத்து ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் கடைசிவரை அந்த வாத்தைத்தான் பார்த்தார்களாம்.

அவர் நல்ல மனிதர். மறுநாள் வந்து, சிரித்தபடி, அவசரமே இல்லை, முடிந்தபோது மாற்றிக் கொடுத்தால் போதும் என்று கோட்டை வைத்துவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட அத்தை பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் அவ்வளவு தன்மையாகப் பேசியதால் வாயடைத்துப் போனாள். அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை.

சாயங்காலம் பசை பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவில் ஓர் அக்கா பழைய மெஷின் ஒன்று தேடுவதாகவும், சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருப்பதாகவும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு வாத்து, அண்ணே. நாளைக்கு யார் சட்டையையாவது பேன்ட்டோட சேர்த்துத் தைச்சிடுவேன்."

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை என்பதை அவளும் கவனித்திருப்பாள்.

பசை மேஜையடியில் இருந்த தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மெஷின் போய்விட்டால் முன்னறை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சுவரும் தரையும்தான் நினைவுக்கு வந்தன. பிறகு அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பார்த்தாள். அந்த மங்கலான சின்னச் சீட்டுக்குப் பதிலாகப் பெரிய படம் இருந்தால்?

அன்றே வேலையைத் தொடங்கினாள். டப்பாக்களைக் கவிழ்த்து, கலந்துபோனவற்றை முதலில் தனித்தனியாகப் பிரித்து வைத்தாள். சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தாள். அம்மாவின் காகிதக் கட்டைப் பிரித்துப் படம் தேடினாள். உள்ளே இருப்பதை அப்படியே படமாக ஒட்டுவதில் அவளுக்கு விருப்பமில்லை. குழந்தைப் பொத்தானுக்கு முழுநிலா. கோட்டுப் பொத்தானுக்குச் சூரியகாந்தி. ஜிப் டப்பாவைச் சுற்றி ஒரு தண்டவாளம். எலாஸ்டிக்குக்குக் கழுத்தை நீட்டிய ஒட்டகச்சிவிங்கி. ஊசிக்கு ஊசித்தட்டான். கொக்கிக்கு என்ன என்று ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு ஒன்று அகப்பட்டது. கொக்கிக்குக் கொக்கு. தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

கொக்கை ஒட்டும்போது மட்டும் கை தவறியது. பசை அதிகமாகிக் காகிதம் ஊறி, நடுவயிற்றில் பெரிய சுருக்கம் விழுந்தது. நகத்தால் நீவிப் பார்த்தாள். இன்னும் மோசமானது. அப்படியே விட்டுவிட்டாள். காய்ந்ததும் எல்லாவற்றின் மேலும் வார்னிஷ் பூசினாள். டப்பாக்கள் கண்ணாடி போலப் பளபளத்தன.

அப்பா அவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பள்ளியில் கைவேலை டீச்சருக்குக் காட்டியபோது, வெள்ளிக்கிழமை நடக்கும் கண்காட்சியில் முன்மேஜையில் இவைதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தைக்காகச் செய்தது, அன்று ஒரு நாளைக்கு மட்டும் கடன் கேட்டு எடுத்துவருகிறேன் என்றாள் பசை.

அத்தை டப்பாக்களைக் கையில் வாங்கித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எந்தப் படம் எந்தச் சாமானுக்கு என்று பசை சொல்லச் சொல்ல, கொக்கிக்குக் கொக்கு என்பதில் வாய்விட்டுச் சிரித்தாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். பசைக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஆட்டினாள். திறந்தாள். மடியில் கொட்டித் தடவினாள். மறுபடி அள்ளிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பசை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு நிலாவும் ஒரு சூரியகாந்தியும் அத்தையின் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் வெளிறிய வட்டம். அந்த வட்டத்தின் மேல் ஒரு கறுப்பு வட்டம். நேற்று அத்தை பார்த்தது டப்பாவை அல்ல. பசையின் மனம் நோகக் கூடாது என்று பார்ப்பது போல் இருந்திருக்கிறாள். பசை எல்லோருக்கும் தெரிவதற்காகச் செய்தாள். அத்தை ஒருத்திக்குத் தெரியவேண்டும் என்பதை மறந்துபோனாள்.

அப்போது அத்தையின் கை ஒரு டப்பாவைத் தொட்டது. ஆட்டவில்லை, திறக்கவில்லை. "கொக்கி" என்று தனக்குள் சொல்லி அதை அப்படியே ஓரமாக வைத்தாள்.

பசை கிட்டப் போனாள். "அத்தை, அது கொக்கின்னு எப்படித் தெரிஞ்சுது?"

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். "வந்துட்டியா. அது ஒண்ணுமில்ல. அந்த டப்பாவுல ஒரு சுருக்கம் இருக்கு. கட்டைவிரல் போய் அங்க நிக்குது."

தன் மோசமான வேலை என்று எதை நினைத்து வெட்கப்பட்டாளோ, அது ஒன்றுதான் வேலைக்கு உதவியிருந்தது. பசைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அத்தை எழுந்து உள்ளே போனதும், பசை ஒரு துணித் துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள். அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்து அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. முதலில் கை சுவரில் இடித்தது. பிறகு ஒரு டப்பா. வழவழவென்றிருந்தது. அடுத்தது, அதுவும் வழவழ. தண்டவாளம் எது, ஒட்டகச்சிவிங்கி எது, ஒன்றும் புரியவில்லை. பளபளப்புக்காகப் பூசிய வார்னிஷ் இருந்த கொஞ்சநஞ்ச வித்தியாசத்தையும் மூடிவிட்டிருந்தது. கொக்கின் வயிற்றுச் சுருக்கம் விரலில் பட்டபோது, தெரியாத ஊரில் தெரிந்த ஆளைப் பார்த்தது போல் இருந்தது.

கண்கட்டை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து அவள் செய்தது கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. அப்பா கொண்டுவந்த பெரிய டப்பா ஒன்றில் முதலில் செய்து பார்க்கலாம் என்று, கையில் தட்டுப்பட்டதையெல்லாம் ஒட்டினாள். மணிகள், லேஸ், சணல் கயிறு, பாட்டில் மூடிகள், குச்சிகள், சிப்பி. அத்தையிடம் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அத்தையின் விரல்கள் மேலும் கீழும் அலைந்தன. ஒரு மூடி பெயர்ந்து மடியில் விழுந்தது.

"என்னடி இது? எல்லாரும் ஒரே நேரத்துல பேசற வீடு மாதிரி இருக்கு."

பசை டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அத்தை சொன்னதை நினைத்துப் பார்த்தாள். காலையில் அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் கத்தும்போது தனக்கு யார் சொல்வதும் காதில் விழாது. கைக்கும் அப்படித்தான் இருக்கும். அப்படியானால் ஒரு டப்பா ஒன்றை மட்டும்தான் சொல்ல வேண்டும். அதையும் எந்தப் பக்கம் பிடித்தாலும் சொல்ல வேண்டும். டப்பாவை எடுக்கும் கை நடுப்பாகத்தைத்தான் பிடிக்கும். எனவே நடுவில், சுற்றிலும் ஒரு பட்டை.

இதுவரை யோசனை நன்றாகத்தான் போனது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில்தான் படங்கள் இருந்தன.

கண்காட்சிக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. சனிக்கிழமை மெஷின் பார்க்க அந்த அக்கா வந்துவிடுவார். கண்காட்சி முடிந்த பிறகு செய்தால், அத்தை பழகிப் பார்க்க நேரமே இருக்காது. அதே அளவில் மூடியுள்ள வேறு டப்பாக்களும் வீட்டில் இல்லை.

அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பசை நிலா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நிலாவை மூடணும்மா" என்றாள்.

அம்மா என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மேஜை அடியில் கிடந்த காகிதங்களை ஒதுக்கி, அவள் வேலை செய்ய இடம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நிலாவின் மேல் மெத்தென்ற கம்பளித் துணிப் பட்டை ஏறியது. குழந்தைகளின் பொத்தானுக்கு அதுதான் சரி என்று தோன்றியது. சூரியகாந்தியின் மேல் சொரசொரப்பான உப்புத்தாள். தண்டவாளத்தின் மேல், அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருக்குமே, அந்த வரிவரியான அட்டை. ஒட்டகச்சிவிங்கியைச் சுற்றி நெருக்கமாக ரப்பர் பேண்டுகள். பட்டைக்கு மேலே அதன் தலையும் கீழே நான்கு கால்களும் மட்டும் எட்டிப் பார்த்தன. மேலே ஒரு விலங்கு, கீழே வேறொரு விலங்கு என்று சொன்னால் நம்பலாம். ஊசித்தட்டானின் மேல் சணல் கயிறு. கொக்கை மட்டும் அவள் தொடவில்லை. கசக்கிய காகிதத்தால் அந்தச் சுருக்கத்தை டப்பாவைச் சுற்றிலும் நீட்டிவிட்டாள்.

ஒவ்வொன்றையும் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். இந்த முறை கை தடுமாறவில்லை.

அத்தையிடம் பெரிதாக ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தாள். அத்தை வந்து கையை நீட்டினாள். கை ஒரு டப்பாவில் நின்றது. அடுத்ததற்குப் போனது. திரும்ப முதலாவதற்கு வந்தது. அத்தை இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பசை பார்த்ததில்லை.

"உன் படமெல்லாம் இதுக்கடியிலயா இருக்கு?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"கண்காட்சிக்கு என்ன பண்ணப்போற?"

பசை தோளைக் குலுக்கினாள். பிறகு, அத்தைக்கு அது தெரிந்திருக்காது என்று நினைவு வந்து, "பரவால்ல அத்தை" என்று வாயால் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள். கைவேலை டீச்சர் முன்மேஜையில் நீல விரிப்பு விரித்து, நடுவில் இடம் விட்டு வைத்திருந்தார்.

"டப்பாவெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"வேலைக்குப் போயிருக்கு, டீச்சர்."

டீச்சருக்கு முதலில் கோபம்தான் வந்தது. விளையாட்டா என்று கேட்டார். பசை நடந்ததையெல்லாம் சொன்னாள். உப்புத்தாளையும் ரப்பர் பேண்டையும் சொன்னாள். கேட்டு முடித்த டீச்சர், முன்பே சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பேனே என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு இன்னொரு வகுப்புப் பையன் செய்த காகிதப் பூச்சாடியை அந்த இடத்தில் வைத்தார். அது நன்றாகவே இருந்தது. வந்தவர்களெல்லாம் அதன் முன் நின்று பார்த்தார்கள். பசையும் போய்ப் பார்த்தாள். வருத்தமாக இல்லை என்று சொன்னால் பொய்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தபால் பை. இன்னொரு கையால் பேன்ட்டை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தெருநடுவில் கொக்கி அறுந்துவிட்டது, இன்னும் பாதித் தெருவுக்குத் தபால் கொடுக்க வேண்டும், ஒரு கையால் பையைப் பிடித்து ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தால் தபாலை எந்தக் கையால் கொடுப்பது என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

அத்தை ஒரு கணம் தயங்கினாள். வாத்து அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு திரைக்குப் பின்னால் போகச் சொன்னாள். பேன்ட் திரைக்கு மேலாக வந்து விழுந்தது.

பசை டப்பாவை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அத்தை அலமாரியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கை மட்டும் போனது. மெத்தென்ற பட்டையைத் தொட்டு நகர்ந்தது. வரிவரியைத் தொட்டு நகர்ந்தது. கொக்கின் சுருக்கத்தில் போய் நின்றது. மூடியைத் திறந்து ஒரு கொக்கியை எடுத்தாள். சணல் கயிறு சுற்றிய டப்பாவிலிருந்து, காலையில் பசை நூல் கோர்த்துவைத்த ஊசி ஒன்று வந்தது. மேஜையில் எதுவும் கொட்டவில்லை. பேசிக்கொண்டே தைத்தாள், பழைய குரலில்.

"அடுத்த தடவை சாப்பிட்டதும் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுக் கிளம்புங்க. கொக்கி பாவம், அதுக்கும் ஒரு அளவு இருக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது தபால்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் சும்மா இருக்கும் சுகத்தில் அவற்றை ஒரு முறை வீசிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அத்தை அதற்கப்புறமும் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டே இருந்தாள். பசையிடம் ட்ரம்பெட்காரரின் கோட்டை எடுத்துத் தரச் சொன்னாள். வாத்தைப் பிரித்தெடுத்தாள். உப்புத்தாள் டப்பாவைத் தொட்டு ஒரு தங்கப் பொத்தானை எடுத்தாள். தைத்து முடித்து, வரிசை சரியாக இருக்கிறதா என்று பசையிடம் கேட்டாள். சரியாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் மெஷின் வாங்கும் அக்கா வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்து, நல்ல நிலையில் இருக்கிறது என்றார். அப்பாவும் அம்மாவும் சமையலறை வாசலில் நின்றிருந்தார்கள்.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க. வரச் சொல்லிட்டு இப்படிச் சொல்றேன். மெஷினுக்கு இப்ப வேலை இருக்கு. நீங்க மெனக்கெட்டு வந்ததுக்கு, வேணும்னா ஒரு சட்டைக்கு அளவு குடுத்துட்டுப் போங்க."

அந்த அக்காவுக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கியின் தலையைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். பசை சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு டப்பாக்களைச் சரியாகச் சொன்னார், ஒன்றைத் தவறாகச் சொன்னார். போகும்போது அளவும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மதியம் வீடு அமைதியானது. பசை சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது, அத்தை நூல்கண்டுகள் இருந்த இழுப்பறையைத் திறந்து, எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தாள்.

"வா, உக்காரு" என்றாள். "சட்டை நீலமாம். இதுல நீலம் எது?"

பசை எடுத்துக் கொடுத்தாள்.

"இது எனக்குக் கறுப்பு மாதிரியும் இருக்கு, பச்சை மாதிரியும் இருக்கு. நீ பள்ளிக்கூடம் போயிட்டா நான் யாரைக் கேக்கறது? அதனால இதுக்கும் டப்பா வேணும். ஆனா நீலம்னா தொட்டா எப்படி இருக்கும்?"

பசை யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. நீலத்தைப் பார்த்திருக்கிறாள், ஒட்டியிருக்கிறாள். தொட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. எழுந்துபோய்த் துணிக் கூடையைக் கிளறினாள். வழுவழுப்பான ரிப்பன் ஒன்றைக் கொண்டுவந்து அத்தையின் கையில் வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

"ம். நீலம்தான்" என்றாள் அத்தை.

சிவப்புக்குத் தீப்பெட்டியின் உரசும் பக்கம் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. பச்சைக்குக் காய்ந்த இலையா பஞ்சா என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கறுப்புக்கு ஒன்றுமே ஒட்ட வேண்டாம், வெறும் தகரம் போதும் என்று அத்தை சொல்ல, பசை ஒத்துக்கொண்டாள்.

மஞ்சளில்தான் மாட்டிக்கொண்டார்கள். பசை எதைக் கொண்டுவந்தாலும் அத்தை தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கடைசியில் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் ஆளுக்கொரு கையை நீட்டி வைத்துக்கொண்டு, மஞ்சள் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.